கடலூர்க் கரையின் நார்ச்செடிகள்: மருளும் தாழையும்

நார் தரும் செடிகளைத் தோட்ட அழகுக்கும் மண்காப்புக்கும் ஒருங்கே பயன்படுத்தும் முறையை ஆராயும் இச்சொற்பொழிவு, தென்பெண்ணையாறு கடலில் கலக்கும் தாழங்குடா தொடங்கிக் கொள்ளிடத்தின் கழிமுகம் வரை ஏறத்தாழ 57 கி.மீ. நீளும் கடலூர் மாவட்டக் கடற்கரையையும், அதையொட்டிய செம்மண்டலம், மஞ்சக்குப்பம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் முதலிய ஊர்களின் வீட்டுமனைகளையும் கருத்திற்கொண்டு அமைந்தது. உலகின் பல நாடுகளில் நார்ச்செடித் தோட்டம் என்றால் நியூசிலாந்தின் வாளிலைச் செடியான ஹரக்கேக்கேயே முதலில் நினைவுக்கு வருகிறது. லினன் ஆடைக்கு நூல் தரும் ஆளிச்செடி அதனினும் பழமையானது. ஆனால் ஆளி குளிர்பருவப் பயிர். ஹரக்கேக்கே மிதவெப்ப நாட்டுச் செடி. சித்திரை வெயிலும் உப்புக்காற்றும் ஐப்பசி வெள்ளமும் மாறிமாறி வரும் கடலூர்க் கரையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அவற்றின் இடத்தில் நிற்கத்தக்க இரண்டு செடிகள் இந்த மண்ணிலேயே பிறந்து, மனிதர் நடாமலே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்துள்ளன. ஒன்று மருள், மற்றொன்று தாழை.

மருள் என்பது நிலத்துக்குள் கிடையாக ஓடும் வேர்த்தண்டிலிருந்து, அதாவது கிழங்கைப் போலத் தடித்துக் கணுதோறும் வேர்விடும் தண்டிலிருந்து, கொத்துக் கொத்தாக எழும் இலைகளைக் கொண்ட தண்டற்ற செடியாகும். இலைகள் தடித்தவை, விறைப்பானவை, உட்புறம் வாய்க்கால்போலக் குழிந்தவை, நுனியில் ஊசிபோல் முடிபவை. வெளிர்பச்சையின்மேல் கரும்பச்சைப் பட்டைகள் குறுக்கே ஓடுவதால் தொலைவிலிருந்து பார்க்கும்போது பாம்பின் உடல்வரியை ஒத்துத் தோன்றும். கொத்தின் நடுவிலிருந்து எழும் பூத்தண்டில் பச்சை கலந்த வெண்ணிறச் சிறுபூக்கள் அடுக்கடுக்காகத் தோன்றி இரவில் மலர்கின்றன. அவை காய்த்துப் பழுக்கும்போது செம்மஞ்சள் உருண்டைகளாகின்றன. ஒருமுறை பூத்த கொத்து அதற்குமேல் நடுவிலையை விடுவதில்லை என்பதும், வேர்த்தண்டின் பக்கக்கணுவிலிருந்து எழும் புதிய கொத்தே செடியின் வளர்ச்சியைத் தொடர்கிறது என்பதும் தோட்டக்காரர் முதலில் அறியவேண்டியவை. ஏனெனில் இலையை எப்போது அறுப்பது, கிழங்கை எப்போது பிரிப்பது என்னும் முடிவுகள் யாவும் இந்த ஒரு பண்பைச் சார்ந்தே எடுக்கப்படுகின்றன.

இச்செடியின் வறட்சித் தாங்குதிறன் தற்செயலானதன்று. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும்போது அவ்வழியே நீரையும் ஆவியாக இழக்கின்றன. மருளோ இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து வாயுவை உள்வாங்கி, அதை ஓர் அமிலமாக மாற்றித் தன் சதைப்பற்றுக்குள் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டே அந்தச் சேமிப்பைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. ஆண்டின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்து, பின்னர் பல மாதங்கள் மணல் காய்ந்து கிடக்கும் ஒரு கரைக்கு இதைவிடப் பொருத்தமான உடலமைப்பைக் கற்பனை செய்வது கடினம்.

தமிழ் இலக்கியம் இச்செடியை மரல் என்னும் பெயரால் நன்கு அறிந்திருந்தது. கலித்தொகையின் பாலைப் பகுதியில், மழை பொய்த்த காட்டில் விலங்கு தின்பதற்கு எஞ்சியிருக்கும் பசுமையாக அது வருகிறது. புறநானூற்றின் 264-ஆம் பாடலிலோ, போரில் இறந்தவனுக்கு நாட்டிய நடுகல்லுக்குச் சூட்டும் செம்பூங் கண்ணியைத் தொடுக்க மரலைக் கீறி எடுத்த நாரே பயன்படுகிறது. இவ்விரண்டு குறிப்புகளும் செடியின் இரு தன்மைகளையும், அதாவது வறட்சியில் நிற்கும் வலிமையையும் நாரின் பயனையும், தனித்தனியே பதிவுசெய்துள்ளன என்பது ஆழ்ந்த கவனத்துக்குரியது. அக்காலத்தார் அதை அழகுக்காக வளர்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்தது, அதைக் கீறினால் நார் வந்தது.

ஐரோப்பியத் தாவரவியலுக்குள் மருள் நுழைந்ததும் இதே கிழக்குக் கரையின் வழியாகத்தான். வில்லியம் ராக்ஸ்பர்க் 1795 முதல் 1819 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூலில் இதன் படத்தைச் சேர்த்ததோடு, இதன் நாரைக் கொண்டு உள்ளூர் மக்கள் வில்லுக்கு நாண் செய்தமையையும் எழுதிவைத்தார். அவர் பயன்படுத்திய பெயர் இலங்கையிலுள்ள வேறோர் இனத்துக்கு உரியது என்பது பின்னர் தெளிவானமையால், 1829-இல் அவர் பெயரையே தாங்கிச் சான்செவியேரியா ராக்ஸ்பர்கியானா என்று இச்செடி அழைக்கப்படலாயிற்று. அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் இப்பேரினம் முழுவதும் டிரசீனாவுக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. 1850-களில் கிரிமியப் போரினால் ரஷ்யாவிலிருந்து கஞ்சாச்செடி நாரும் ஆளிநாரும் இங்கிலாந்துக்கு வருவது தடைப்பட்டபோது, இந்திய நார்களின்மேல் ஆட்சியாளரின் பார்வை திரும்பியது. ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1855-இல் வெளியிட்ட இந்திய நார்ச்செடிகள் பற்றிய பெருநூலில் மருளுக்குத் தனியிடம் கிடைத்தது. போர் முடிந்ததும் அந்த ஆர்வமும் தணிந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த ஆனைக் கற்றாழையும் அதன் இனங்களும் இலைக்கு இலை மிகுதியான நாரைத் தந்தமையால் வேலிகளிலும் தரிசுகளிலும் பரவின. பிறகு நைலான் கயிறு வந்து எல்லா இலைநார்களையும் ஒருசேர ஓரங்கட்டியது.

மருள் இன்று இயல்பாக மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில்காடுகளின் நிழலில்தான். சோழமண்டலக் கரைக்கு உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பது, மழை குறைவாக இருந்தும் ஆண்டு முழுவதும் இலையுதிராத, உயரம் குறைந்த, கொடிகள் நிறைந்த ஒருவகைக் காடு. அதன் எச்சங்கள் பெரும்பாலும் அய்யனாருக்கோ அம்மனுக்கோ விடப்பட்ட சிறு தோப்புகளாகவே தப்பியுள்ளன. கடலூர் மாவட்டத்தில் கெடிலக் கரையிலுள்ள திருமாணிக்குழியிலும் குழந்தைகுப்பத்திலும் உள்ள இத்தகைய காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் மரம் மரமாகக் கணக்கெடுத்து வெளியிட்டனர். இவ்வகைக் காடுகளின் தரையில், மேலே மரநிழல் அடர்ந்து புல்லும் முளைக்காத இடங்களில், மருள் விரிப்புப்போலப் பரவி மண்ணைப் பிடித்திருப்பதைக் காணலாம். தெய்வத்துக்கு அஞ்சிக் கோடரி தொடாத இடத்திலேயே ஒரு செடி பெரும்பாலும் வாழ்கிறதென்றால், அந்த அச்சம் தளரும் நாளில் அதுவும் போய்விடும். ஆகவே காட்டுக்கு வெளியிலும் அதற்கு வாழ்விடம் அமைத்துக்கொடுப்பது உடனடித் தேவை.

இதே காலத்தில் நகர்ப்புற வீடுகளின் வரவேற்பறைகளிலும் அலுவலகங்களின் படிக்கட்டுகளிலும் பாம்புச்செடி என்னும் பெயரில் தொட்டிகளில் வளர்க்கப்படுவது மருளின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்கச் செடியாகும். மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய அச்செடி அகன்ற இலையும் மஞ்சள் விளிம்பும் கொண்டது. அதை விரும்புவதில் தவறில்லை. ஆயினும் நாற்றங்கால்களில் அந்த அயல்செடி எளிதாகக் கிடைக்க, இம்மண்ணுக்குரிய மருள் விலைக்குக்கூடக் கிடைக்காமலிருப்பது வருந்தத்தக்க நிலை. வேலைக்கு வைத்துக்கொள்ளும் தோட்டக்காரரிடம் ஒருவர் மருள் வேண்டுமென்று கேட்டால், அவர் காட்டிலிருந்து தோண்டிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. அது செடியைக் காப்பதாகாது.

தாழையின் வரலாறு வேறு. கடற்கரையிலும் கழியோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் புதராக அடர்ந்து வளரும் தாழை, அடிமரத்திலிருந்து முட்டுக்கால்களைப்போல இறங்கும் தாங்குவேர்களால் நிலையற்ற மணலிலும் நிமிர்ந்து நிற்கிறது. இலை மூன்று முழம் வரை நீண்டு, இரு விளிம்பிலும் நடுநரம்பின் அடிப்புறத்திலும் கொக்கிமுட்களைக் கொண்டது. ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள்; மணம் மிக்க தாழம்பூ ஆண்மரத்தில் மட்டுமே பூக்கிறது, பெண்மரம் அன்னாசியை ஒத்த கொத்துக்காயைத் தருகிறது. பூவுக்காக நடுவோர் ஆண்மரத்துக் கிளையையே கேட்டு வாங்கவேண்டும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இந்த ஆண்பூவிலிருந்து வடித்தெடுக்கும் மணநீரும் தைலமும் ஒரு பெருந்தொழிலாகவே நடந்துவருகின்றன. சிவன் கோயில்களில் தாழம்பூ பூசைக்கு விலக்கப்பட்டது. அடிமுடி தேடிய கதையில் பொய்ச்சாட்சி சொன்ன பூ என்னும் நம்பிக்கை அதற்குக் காரணம். தில்லை எனப்படும் சிதம்பரத்துக்கு அருகே வாழ்ந்த மக்கள் அப்பூவைக் கடவுளுக்குச் சூட்டாவிடினும் பெண்களின் பின்னலில் வைத்துத் தைத்தனர், துணிப்பெட்டிக்குள் மடித்து வைத்தனர். இலையோ முள் நீக்கி, கீறி, காயவைத்துப் பாயாகவும் கூடையாகவும் முடையப்பட்டது.

தாழையை அழித்ததில் பாம்பைப் பற்றிய அச்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தாழம்பூவின் மணத்துக்குப் பாம்பு வரும் என்று ஊர்தோறும் சொல்லப்படுகிறது. உண்மையில், பராமரிக்கப்படாத தாழம்புதரின் அடியில் ஆண்டுக்கணக்காகச் சேரும் காய்ந்த இலைக்குவியல் எலிக்கு வளையாகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. காய்ந்த இலைகளை ஆண்டுக்கொருமுறை தை மாதத்தில் அரிந்து அகற்றி, அடிப்பகுதியைக் காற்றோட்டமாக வைத்திருந்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அந்தக் காய்ந்த இலையும் வீணாவதில்லை, கூரை வேய்வதற்கும் விறகுக்கும் அது பயன்பட்டுவந்தது. அச்சம் அடியோடு ஆதாரமற்றதும் அன்று என்பதால், விளையாடும் குழந்தைகள் நடக்கும் பாதையோரத்திலும் வீட்டுச் சன்னலுக்குக் கீழும் தாழையை நடாமல், மனையின் பின்னெல்லையிலோ வாய்க்கால் கரையிலோ நடுவதே முறை.

ஹரக்கேக்கேயைப் பற்றி இவ்விடத்தில் விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது, ஏனெனில் நாட்டுநார்ச்செடி ஒன்றை அழியாமல் காப்பது எப்படி என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தெளிவான விடையைத் தந்துள்ளனர். அவர்கள் தங்கள் குடியிருப்புக்கு அருகே அச்செடியின் தோப்புகளை வளர்த்து, கயிறுக்கு ஒருவகை, கூடைக்கு ஒருவகை, மென்மையான மேலாடைக்கு ஒருவகை என்று நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்துப் பெயரிட்டுப் பாதுகாத்தனர். இலைக்கொத்தின் நடுக்குருத்தைக் குழந்தை என்றும் அதன் இருபுறமும் அணைத்து நிற்கும் இலைகளைப் பெற்றோர் என்றும் கருதி, அம்மூன்றையும் எக்காரணம் கொண்டும் அறுப்பதில்லை. வெளியே நிற்கும் முதிர்ந்த இலைகளை மட்டும், மழைநீர் தங்காதவாறு வெளிப்புறம் சாய்த்து அரிகின்றனர். ரெனே ஆர்ச்சிஸ்டன் என்னும் பெண்மணி நாடு முழுவதும் சென்று முதிய நெசவாளர்களிடமிருந்து பல வகைகளைச் சேகரித்து, 1980-களில் அரசு ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தார். இன்று லிங்கன் நகரிலுள்ள அத்தொகுப்பிலிருந்து நெசவாளர் குழுக்களுக்குக் கன்றுகள் செல்கின்றன. அச்செடியை உயிரோடு வைத்திருப்பது அதை அறுத்துப் பயன்படுத்தும் கைகளே.

அதே செடி தன் நாட்டுக்கு வெளியே என்ன செய்தது என்பதையும் கூறவேண்டும். தென்அட்லாண்டிக்கிலுள்ள செயின்ட் ஹெலினா தீவில் நார்த்தொழிலுக்காகப் பெரும்பரப்பில் பயிரிடப்பட்ட ஹரக்கேக்கே, 1960-களில் பிரிட்டிஷ் அஞ்சல்துறை செயற்கைக் கயிற்றுக்கு மாறியதும் சந்தையை இழந்தது. ஆலைகள் மூடப்பட்டன, செடியோ மலைச்சரிவுகளை மூடிப் பரவி அங்கே மட்டுமே உள்ள அரிய தாவரங்களை இன்றளவும் நெருக்கிவருகிறது. தன் மண்ணில் காப்பாளனாக நிற்கும் செடி அயல்மண்ணில் ஆக்கிரமிப்பாளனாகலாம் என்பதற்கு இது போதிய சான்று. கடலூர்க் கரைக்கு வெளிநாட்டு அழகுச்செடிகளை இறக்குமதி செய்யும் முன் இதை நினைவில் கொள்வது நலம்.

நடும் முறைக்கு வரும்போது, மருளுக்குப் பகை வறட்சியன்று, தேங்கும் நீரே என்பதை முதலில் மனத்திற்கொள்ளவேண்டும். செம்மண்டலம் கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் இடையே அமைந்த பகுதி. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மாவட்டத்தின் பெரும்பரப்பு நாள்கணக்கில் நீரில் கிடந்தது. அத்தகைய நிலத்தில் மருளைச் சமதரையில் நட்டால் வேர்த்தண்டு அழுகிவிடும். ஆற்றுமணலும் உடைந்த செங்கல்லும் கலந்து ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் நடுவதே தக்கது. முதிர்ந்த கொத்திலிருந்து இலைகளோடு கூடிய கிழங்குத் துண்டை வெட்டி, வெட்டுவாய் நன்கு காயும்வரை நிழலில் போட்டுவைத்து, பிறகு ஒரு சாண் இடைவெளியில் ஆழமின்றி ஊன்றவேண்டும். ஈர வெட்டுவாயோடு மண்ணில் புதைப்பதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணமாகிறது. இலையைத் துண்டுகளாக அறுத்து, அடிப்பக்கம் கீழே இருக்குமாறு மணலில் நட்டாலும் வேர்விட்டு முளைக்கும். காலம் அதிகமாகும், ஆனால் ஒரே இலையிலிருந்து பல கன்றுகள் கிடைப்பதால் நாற்றங்காலுக்கு இம்முறையே ஏற்றது. பருவமழைக்கு முந்தைய ஆடி, ஆவணி மாதங்களில் நட்டால் வெள்ளம் வருமுன் வேர் பிடித்துவிடும்.

தோட்ட அமைப்பில் மருளை ஒன்றிரண்டாகத் தனித்து நடுவது அதன் இயல்புக்கு ஒவ்வாதது. அது கூட்டமாக நிற்கும்போதுதான் நிமிர்ந்த இலைகளின் ஒழுங்கும் பட்டைவரிகளின் நிறவேறுபாடும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. வேம்பு, புன்னை, பூவரசு ஆகியவற்றின் அடியில் புல் வளராமல் வெற்றுத்தரையாகக் கிடக்கும் வட்டங்களே அதற்குச் சிறந்த இடங்கள். நீர் மிகுதியாகக் கேட்கும் விரிப்புப்புல்லை அங்கே வளர்க்க முயன்று தோற்பவர்கள் பலர். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் அரளி நடப்படுகிறது. அதன் கீழ்வரிசையாக மருளை நட்டால் கோடையில் லாரித் தண்ணீரின் தேவை குறையும், மண்ணும் மழையில் கரைந்தோடாது.

கடலை நோக்கிய மணல்மேடுகளில் வரிசைமுறை இயற்கையே வகுத்துத்தந்தது. அலைக்கு அண்மையில் இராவணன்மீசைப் புல்லும் அடும்பங்கொடியும் படர்ந்து பறக்கும் மணலைப் பிடிக்கின்றன. மேடு உறுதிப்பட்ட பின்னரே தாழை புதராக எழுகிறது. அதற்குப் பின்னால், உப்புக்காற்று சற்றுத் தணிந்த இடத்தில், புன்னையும் அதன் நிழலில் மருளும் நிற்கமுடியும். தாழையின் கிளைத்துண்டை, முளைத்த வேர்நுனிகளோடு வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் ஓராள் நீள இடைவெளி விட்டு ஊன்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. இந்த வரிசையைக் குலைத்து, மேடுகளைச் சமன்செய்து சவுக்கை மட்டும் நெருக்கி நடும் வழக்கம் பரவலாக உள்ளது. சவுக்கு விரைந்து வளரும், உழவருக்கு வருவாய் தரும், காற்றையும் ஓரளவு தடுக்கும்; அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் உதிர்ந்த ஊசித்தழை தடித்த மெத்தையாகச் சேர்வதால் அதனடியில் வேறெதுவும் முளைப்பதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் சவுக்குத் தோப்புகளையும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளையும் சாய்த்தபோது, உயர்ந்த ஒரே இனத்தை மட்டும் நம்பியிருக்கும் கரையின் பலவீனம் எல்லோருக்கும் தெரியவந்தது.

2004 டிசம்பர் 26-ஆம் நாளின் ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளை எடுத்தாளும்போது நிதானம் வேண்டும். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் ஆய்வாளர்கள், அலையாத்திக் காட்டுக்குப் பின்னாலிருந்த குப்பங்களில் இழப்பு குறைந்திருந்ததைப் பதிவுசெய்தனர். 2005-இல் வெளியான மற்றொரு பன்னாட்டு ஆய்வும் கடலூர் மாவட்டக் கரையையே களமாகக் கொண்டு அதே திசையில் முடிவு கூறியது. கடலிலிருந்து ஊரின் தூரமும் நிலத்தின் உயரமுமே உண்மைக் காரணங்கள் என்று வேறு அறிஞர்கள் மறுத்தனர். எனவே தாழையை நட்டால் ஆழிப்பேரலை நின்றுவிடும் என்று ஒருவரும் வாக்களிக்கக்கூடாது. தாழையும் அடும்பும் செய்யக்கூடியது மணல்மேட்டைக் காத்து நிறுத்துவது. நிலத்தின் உயரத்தைக் காக்கும் அப்பணியே மறுத்தவர்களின் வாதப்படியும் பயனுடையதாகிறது. மணல்மேடுகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மிகுந்த பாதுகாப்புக்குரிய பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளமையால், அவற்றின்மேல் எதை நடுவதாயினும் வனத்துறையின் வழிகாட்டலோடு நடுவதே சட்டத்துக்கும் மண்ணுக்கும் ஏற்றது.

நாரெடுப்பதில் ஹரக்கேக்கேக்கு உரிய விதியையே மருளுக்கும் பொருத்தலாம். நடுக்குருத்தையும் அதை ஒட்டிய இரண்டு இலைகளையும் விட்டு, வெளி இலைகளை மட்டும் அடியோடு அரிந்து, பலகையின்மேல் வைத்துக் கூர்மழுங்கிய கத்தியால் சதைப்பற்றைச் சுரண்டியெடுத்து, உடனே நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் வெண்மையான, மென்மையான நார் கிடைக்கிறது. குட்டைநீரில் ஊறப்போட்டு அழுகவைத்தும் எடுக்கலாம். ஆனால் அப்போது நார் நிறம் மங்குகிறது, நீரும் கெடுகிறது. பூத்து முடிந்த கொத்தின் இலைகள் முழுவதையும் அறுக்கலாம், அது இனி வளரப்போவதில்லை. பூத்தொடுக்கவும் கைவினைப் பின்னலுக்கும் இந்நார் தகுதியானது. பெருந்தொழிலாக வளரும் என்று எண்ணுவதற்கு இடமில்லை, அவ்வாறு எண்ணவேண்டிய தேவையும் இல்லை. கோயில்வாசல் பூக்கடைகளில் இன்று வாழைநாரோடு செயற்கை நூலும் கலந்து பயன்படும் நிலையில், நந்தவனத்தின் ஓரத்திலேயே மருள் வளர்ந்தால் மாலைக்குரிய நாரும் அங்கேயே கிடைக்கும்.

இவை யாவற்றுக்கும் முன்நிபந்தனை கன்று கிடைப்பதே. கோயில்காட்டிலிருந்து ஊராரின் இசைவோடு சில முதிர்ந்த இலைகளை மட்டும் பெற்று, கிழங்கைத் தோண்டாமல், இலைத்துண்டு முறையில் பெருக்கும் நாற்றங்கால்கள் பள்ளிகளிலும் மகளிர் குழுக்களிலும் தொடங்கப்படவேண்டும். திருமாணிக்குழிப் பக்கத்து இலையும் பரங்கிப்பேட்டை மணற்கரை இலையும் கலந்துவிடாதபடி எந்த இடத்துச் செடி என்று தொட்டிதோறும் எழுதிவைக்கவேண்டும், ஏனெனில் நிழலில் வளர்ந்த மரபும் உப்புக்காற்றில் வளர்ந்த மரபும் ஒன்றாக இருக்கவேண்டுமென்பதில்லை. தாழையில் இதைவிட எளிது: ஆண்மரம், பெண்மரம் என்று பூக்கும் காலத்திலேயே குறியிட்டு வைத்து, அடுத்த மழையில் தேவையான மரத்துக் கிளையை வெட்டி நட்டால் போதும். ஆடி மாதத்தில் நடத்தகுந்த கன்றுகள் கையில் இருக்கவேண்டுமென்றால், மருளின் இலைத்துண்டுகள் அதற்கு முந்தைய ஆண்டின் தைக்குள்ளேயே மணல்தொட்டியில் இறங்கியிருக்கவேண்டும்.